அடுப்புப் புகை நெஞ்சோடு நிற்பதில்லை!

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போயிருக்கிறீர்களா? ரோட்டின் இரண்டு பக்கமும் கரிசல் காடு. காட்டையே மறைத்துக்கொண்டு சீமைக்கருவேலம். நடுவில் அங்கங்கே, கவிழ்த்து வைத்த பெரிய சட்டி மாதிரி ஒரு மண்மேடு. அதன் உச்சியிலிருந்து வெள்ளையாய்ப் புகை கிளம்பிக்கொண்டிருக்கும். அதுதான் கரிமூட்டம். வெட்டிய கருவேல விறகை வட்டமாக அடுக்கி, வைக்கோலும் தழையும் போட்டு மூடி, மேலே ஈரமண் பூசி, உள்ளே தீ வைத்துவிடுவார்கள். காற்று சரியாகப் போகாமல் விறகு நாள்கணக்கில் புழுங்கிப் புழுங்கிக் கரியாகும். மண்ணில் எங்காவது வெடிப்பு விட்டால் உடனே ஏறி அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே எல்லாம் சாம்பல்! அதனால் ராத்திரியும் ஆள் காவல் இருக்க வேண்டும்.

புகை பஸ்ஸுக்குள் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? "ஷட்டரை இறக்குப்பா!" அவ்வளவுதான், நம் பிரச்னை தீர்ந்தது. மூட்டத்தின் மேல் நிற்பவருக்கு ஷட்டர் கிடையாது. வீட்டுக்குள்ளேயே குட்டி மூட்டம் போட்டு, தினமும் அதற்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஊதுகுழலில் ஊதும் நம் அப்பத்தாவுக்கும் கிடையாது.

இந்தப் பக்கத்தில் எந்த டாக்டரிடமும் நடக்கக்கூடிய பேச்சு இது:

"பீடி, சுருட்டு உண்டா தாயி?"

"அய்யய்ய... எங்க வீட்டு ஆம்பளைகளுக்கே அந்தப் பழக்கம் கிடையாதுங்க!"

"அடுப்பு என்ன அடுப்பு?"

"விறகடுப்புதான். கேஸும் இருக்கு... காப்பி போட."

"எத்தனை வருஷமா ஊதுறீங்க?"

"வாக்கப்பட்டு வந்ததிலேருந்து. அதுக்கு முன்னால ஆத்தா வீட்லயும் நாந்தேன்."

பீடி தொடாத அந்தம்மாளின் நுரையீரல், நாற்பது வருஷம் பீடி குடித்தவரின் நுரையீரல் மாதிரி ஆகியிருக்கக்கூடும். இது பலருக்கு இப்போது தெரிந்த சங்கதிதான். தெரியாத சங்கதி ஒன்று இருக்கிறது. அந்தப் புகை நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. ரத்தத்துக்குப் போகிறது, இதயத்துக்குப் போகிறது, மூளை வரைக்கும் அதன் வேலை நீளுகிறது. 'வயசாச்சு, இருமத்தான் செய்யும். வயசாச்சு, மறக்கத்தான் செய்யும்' என்று நாம் தனித்தனியாகத் தள்ளிவிடுகிற இரண்டு தொல்லைகளுக்கும் ஒரே வேர் இருக்கலாம்.

காலில் ஏறிய முள்

அந்த வேரின் பெயர் அழற்சி. அழல் என்றால் நெருப்பு. அழற்சி என்றால் உடம்புக்குள் பற்றுகிற தீ. நம் முன்னோர் வைத்த பெயரைப் பாருங்கள், டாக்டர் விளக்க வேண்டிய பாதியை அதுவே விளக்கிவிடுகிறது!

காட்டுக்குப் போன இடத்தில் கருவேலமுள் காலில் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலத்துக்குள் அந்த இடம் சிவக்கும், சுடும், வீங்கும், விண் விண்ணென்று வலிக்கும். இந்த நான்கு அடையாளங்களையும் ரோம் நாட்டு செல்ஸஸ் என்பவர் சுமார் 2000 வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். இது நோயல்ல, பாதுகாப்பு. முள்ளோடு வந்த கிருமியை ஒழிக்க உடம்பு தன் பட்டாளத்தை அனுப்புகிறது. முள்ளை எடுத்தால் பட்டாளம் திரும்பிவிடும், புண் ஆறிவிடும்.

ஆனால் அதே இடத்தில் தினம் மூன்று வேளை, நாற்பது வருஷம் முள் குத்திக்கொண்டே இருந்தால்?

விறகடுப்பு நுரையீரலில் செய்வது இதைத்தான். புகையில் நம் கண்ணைக் கரிக்கிற பகுதி வேறு, ஆளைக் கெடுக்கிற பகுதி வேறு. கெடுப்பது இரண்டரை மைக்ரானுக்கும் குறைவான நுண்துகள். ஒரு தலைமுடியின் தடிமனில் இப்படிப்பட்ட துகள்களை இருபது, இருபத்தைந்து என்று அடுக்கலாம். மூக்கு முடியும் தொண்டைச் சளியும் இதைப் பிடிக்க முடியாது. நேராக நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போய் உட்கார்ந்துகொள்ளும்.

அங்கே 'மேக்ரோஃபேஜ்' என்கிற காவல் அணு ஒன்று ரோந்து சுற்றிக்கொண்டிருக்கும். கிருமி வந்தால் விழுங்கி ஜீரணித்துவிடும். கரித்துகளையும் விழுங்குகிறது. பாவம், கரியை எப்படி ஜீரணிப்பது? தவித்துப்போய் அபாயச் சங்கு ஊதுகிறது. இன்டர்லூகின்-6, டி.என்.எஃப். என்றெல்லாம் டாக்டர்கள் சொல்வது இந்தச் சங்குச் சத்தத்தைத்தான், ரசாயன வடிவில். சத்தம் கேட்டு வேறு வெள்ளணுக்கள் ஓடி வந்து, கிருமியைக் கரைக்க வைத்திருக்கும் நொதிகளைக் கொட்டுகின்றன. கிருமிதான் அங்கே இல்லையே! கரைவது நம் காற்றுப்பைகளின் சுவர். மூச்சுக்குழாய்களின் உள்பக்கம் தடித்து, தழும்பேறி, குறுகிப் போகிறது. சி.ஓ.பி.டி. என்று சீட்டில் எழுதுகிறார்களே, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அது இப்படித்தான் உண்டாகிறது. ஆஸ்துமாவில் அடைப்பு வந்து வந்து விலகும். இதில் முழுசாக விலகாது.

புகையை அளந்தவர்

'விறகடுப்புப் புகை கெடுதி' என்று பாட்டிக்கே தெரியும். எவ்வளவு கெடுதி என்று சொல்ல அளந்தாக வேண்டுமே! இந்தியாவில் அந்த அளவெடுப்பை 1981-ல் குஜராத் கிராமங்களில் தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானவர் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்கர். 2020-ல் காலமானார். தமிழ்நாட்டில் அந்த வேலையைப் பெரிய அளவில் செய்தவர் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன். சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தில் சுற்றுச்சூழல் சுகாதாரத் துறைப் பேராசிரியை. ஸ்மித்தோடு பல ஆய்வுகளில் சேர்ந்து உழைத்தவர்.

தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளில் இவர் குழு கருவிகளை வைத்தது. முடிவு 2002-ல் வெளியானது. விறகு, வறட்டி எரியும் வீடுகளில் சமையல் நேரத்தில் ஒரு கனமீட்டர் காற்றில் 500 முதல் 2000 மைக்ரோகிராம் வரை நுண்துகள்! ஒரு நாள் முழுக்கச் சராசரி போட்டால், சமைக்கிற பெண் சுவாசித்த காற்றில் 231. கேஸ் மாதிரி சுத்தமான எரிபொருள் உள்ள வீடுகளில் 82.

இந்த இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் அடுப்பு வீட்டிலும் 82 இருக்கிறது. ஏன்? அடுத்த வீட்டு அடுப்பு, தெருப்புழுதி, எரிகிற குப்பை. புகைக்குச் சுவர் கிடையாது. பின்னால் இது முக்கியமாகப் போகிறது.

2011-ல் வந்த இவர் குழுவின் இன்னொரு ஆய்வில், திருவள்ளூர் மாவட்டத்தின் 45 கிராமங்களில் புகைப்பழக்கமே இல்லாத 900 பெண்களைச் சோதித்தார்கள். நூற்றுக்குச் சுமார் இரண்டரைப் பேருக்கு சி.ஓ.பி.டி. தினம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் இருப்பவர்களிடம் அது 3 ஆக இருந்தது. 'இவ்வளவுதானா?' என்று கேட்டுவிடாதீர்கள். ஒரு பஸ் நிறையப் பெண்களை ஏற்றினால், ஒருவருக்காவது இந்த நோய் இருக்கும் என்று அர்த்தம். அதுவும் பீடியைத் தொடாத பெண்கள்!

புனேயைச் சேர்ந்த டாக்டர் சந்தீப் சால்வியும் லண்டனின் பீட்டர் பார்ன்ஸும் 2009-ல் 'லான்செட்' இதழில் இதை உலகக் கணக்காகவே காட்டினார்கள். பீடி சிகரெட் குடிப்பவர்கள் உலகில் சுமார் 100 கோடி. அடுப்புப் புகையில் வாழ்பவர்கள் சுமார் 300 கோடி.

மூளைக்கு எந்த வழி?

நுரையீரலில் ஊதிய அபாயச் சங்கு அங்கேயே நிற்பதில்லை. அந்த ரசாயனங்கள் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றுகின்றன. கல்லீரல் அதைக் கேட்டு சி.ஆர்.பி. என்ற புரதத்தைச் சுரக்கிறது. ரத்தக்குழாய்ச் சுவர்கள் புண்படுகின்றன, ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் காற்று மாசு ஒரு காரணம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்வது இதனால்தான்.

மூளைக்கென்று தனி வேலி ஒன்று உண்டு. ரத்தத்திலிருந்து கண்டதும் உள்ளே வந்துவிடாமல் தடுக்கும் வேலி. நாள்பட்ட அழற்சி அதில் ஓட்டை போடுகிறது. வேலிக்குள் 'மைக்ரோக்ளியா' என்ற மூளையின் சொந்தக் காவலாளிகள் இருக்கிறார்கள். அவர்களும் உசுப்பப்பட்டு, நரம்பணுக்களையே அரிக்கத் தொடங்குகிறார்கள்.

இன்னொரு குறுக்கு வழியும் இருக்கிறது. மூக்கு! வாசனை நரம்பு மூக்கின் மேற்கூரையிலிருந்து நேரே மூளைக்குப் போகிறது. மெக்ஸிகோ நகரத்தில் டாக்டர் லிலியன் கால்டெரோன் கார்சிடுவேனாஸ் என்ற பெண்மணி இதைத்தான் ஆராய்ந்தார். புகை மண்டிய அந்த நகரத்து நாய்களின் மூக்கையும் நுரையீரலையும் மூளையையும் சேர்த்துப் பார்த்து, 2002-ல் வெளியிட்டார். வாசனை அறியும் பகுதியில் அழற்சி. அல்ஸைமர் நோயாளிகளிடம் காணும் படிவு போன்ற படிவு, சுத்தமான ஊர் நாய்களைவிடச் சீக்கிரமே! 2016-ல் இங்கிலாந்தின் பார்பரா மஹர் குழுவோடு சேர்ந்து, மெக்ஸிகோ நகரத்திலும் மான்செஸ்டரிலும் இறந்துபோன 37 பேரின் மூளையைச் சோதித்தார்கள். உயர்ந்த வெப்பத்தில் எரிந்த பொருளிலிருந்துதான் வரக்கூடிய, உருண்டை வடிவ இரும்புத் துகள்கள் மூளைத் திசுவுக்குள்ளேயே இருந்தன.

அதெல்லாம் கார் புகை, நம் அடுப்புக்கு என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நியாயமான கேள்வி. பதில் நமக்குப் பக்கத்திலேயே, வறட்சிக்குப் பேர்போன கோலார் மாவட்டத்தின் சீனிவாசபுரத்திலிருந்து வந்திருக்கிறது. பெங்களூர் மூளை ஆராய்ச்சி மையம் அங்கே 45 வயதுக்கு மேற்பட்ட கிராமத்து மக்கள் ஆயிரக்கணக்கானோரைத் தொடர்ந்து கவனித்து வருகிறது. புகை அடுப்பில் சமைப்பவர்களுக்கு நினைவும் அறிவுத்திறனும் அளக்கும் சோதனைகளில் மதிப்பெண் குறைவு. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த பெண்களிடம், நினைவைக் காக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் அளவும் குறைந்திருந்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது 'சேர்ந்து இருக்கிறது' என்று காட்டும் ஆய்வு. 'இதனால்தான் அது' என்று அடித்துச் சொல்லும் ஆய்வு அல்ல. விறகடுப்பு உள்ள வீட்டில் படிப்பும் வருமானமும் குறைவாக இருக்கும். அவையும் நினைவாற்றலைப் பாதிப்பவை. கணக்குப் போட்டுக் கழித்தாலும் முழுசாகக் கழிந்துவிடாது. ஆனாலும் உலகெங்கும் வந்த சான்றுகளைச் சேர்த்துப் பார்த்து, மறதி நோய்க்கான 12 காரணங்களில் ஒன்றாகக் காற்று மாசை 2020-ல் 'லான்செட்' நிபுணர் குழு சேர்த்துவிட்டது.

கேஸ் கொடுத்தும் ஏமாற்றம்

'சரி, எல்லோருக்கும் கேஸ் கொடுத்தால் முடிந்தது!' என்றுதானே தோன்றுகிறது? டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணனுக்கும் அந்த நம்பிக்கை இருந்திருக்கும். இந்தியா, குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3200 கர்ப்பிணிப் பெண்களை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. இந்தியப் பகுதி நம் நாகப்பட்டினம், விழுப்புரம் மாவட்டங்களில். பாதிப் பேருக்கு 18 மாதம் இலவச கேஸ் அடுப்பும் சிலிண்டரும். பாதிப் பேர் பழைய அடுப்பிலேயே. கேஸ் கிடைத்தவர்கள் சுவாசித்த புகை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. அருமை! ஆனால் பிறந்த குழந்தைகளின் எடையில் வித்தியாசம் இல்லை (2022). குழந்தைகளுக்கு வந்த நிமோனியாவிலும் வித்தியாசம் இல்லை (2024).

எதிர்பார்த்தது வராவிட்டாலும் வந்ததை அப்படியே அச்சில் போட்டார்களே, அதனால்தான் இவர்கள் சொல்லும் மற்ற கணக்குகளையும் நான் நம்புகிறேன். இந்த முடிவை வைத்துக்கொண்டு 'அப்ப விறகடுப்பே பரவாயில்லை' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் பெண்களுக்கு கேஸ் வந்தது கர்ப்பம் தரித்துச் சில வாரங்கள் கழித்து. அதற்கு முன் இருபது வருஷப் புகை உள்ளே இருக்கிறது. 18 மாதம் கொண்டு நாற்பது வருஷ நுரையீரல் நோயையோ மறதியையோ அளக்கவும் முடியாது. அதோடு, மனசில் வைக்கச் சொன்னேனே, அந்த 82! ஒரு வீட்டில் மட்டும் அடுப்பு மாறினால் தெருவின் புகை மாறாது.

முன்னேற்றமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1990-க்கும் 2019-க்கும் இடையில் இந்தியாவில் வீட்டுப் புகையால் சாகும் விகிதம் 64 சதவீதம் குறைந்திருக்கிறது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தபின் கேஸ் இணைப்பு இல்லாத வீடு அபூர்வமாகிவிட்டது. ஆனால் நம் கரிசலில் நடப்பது என்ன? சிலிண்டருக்குப் பணம் வேண்டும். கருவேல விறகும் பருத்திமாரும் சும்மா கிடைக்கிறது. அதனால் கேஸ் காப்பிக்கும் விருந்தாளிக்கும். சோறும் வெந்நீரும் விறகில். அந்தம்மாளைக் குறை சொல்லி என்ன பயன்? வீட்டு வரவுசெலவு அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அந்த வரவுசெலவில் இன்ஹேலர் செலவையும் ஆஸ்பத்திரிச் செலவையும் யாரும் எழுதுவதில்லை.

மில்லுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நூற்பாலைப் பஞ்சுத் தூசியும் இதே தீயைத்தான் மூட்டுகிறது. பஞ்சில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவின் நச்சுதான் முக்கியக் குற்றவாளி. லீவு முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள் நெஞ்சு இறுகினால், அது 'பிஸினோசிஸ்' நோயின் தொடக்கமாக இருக்கலாம். சட்டப்படி நஷ்டஈடு உள்ள தொழில்நோய் இது. வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிட்டால் தூசி இறங்கிவிடும் என்பார்கள். இறங்காது. சாப்பிட்டது வயிற்றுக்குப் போகும். தூசி இருப்பது நுரையீரலில்!

இன்றைக்கே செய்யக்கூடியது

ஒரேயடியாக விறகை விட முடியாதவர்கள் நேரத்தைக் குறைக்கலாம். அரிசி, பருப்பை ஊறவைத்துப் போடுங்கள். பானைக்கு மூடி போடுங்கள். விறகு நன்றாகக் காய்ந்திருக்கட்டும். பச்சை விறகில்தான் புகை அதிகம். வெந்நீர் அடுப்பை வாசலுக்கோ கொல்லைக்கோ மாற்றுங்கள். அடுப்படிக் கூரையை ஒட்டி ஒரு திறப்பு கட்டாயம் வேண்டும். அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பு ஊதவே ஊதாதீர்கள். அதன் நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இதெல்லாம் பாதி வைத்தியம்தான். கேஸை எந்த அளவு கூட்டுகிறீர்களோ அந்த அளவு நல்லது.

கரிமூட்டத்தில் வேலை செய்கிறவர்கள் காற்று வரும் பக்கமாக நில்லுங்கள். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வருகிற மாதிரி இருந்தால் அது வெயில் மட்டும் அல்ல, கார்பன் மோனாக்ஸைடாக இருக்கலாம். வாசனையே இல்லாத விஷவாயு. ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ரத்தத்தைப் பிடித்துக்கொள்ளும். உடனே விலகி நல்ல காற்றுக்கு வாருங்கள். மழைக்காலக் குளிருக்குக் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுப்பது உயிருக்கே ஆபத்து.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் முதலில் சளிப் பரிசோதனை. காசநோய் இல்லை என்று தெரியட்டும். அரசு ஆஸ்பத்திரியில் இது இலவசம். அடுத்தது ஸ்பைரோமெட்ரி. ஒரு குழாயில் ஊதச் சொல்வார்கள், ஊசி வலி எதுவும் கிடையாது. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் நெஞ்சக நோய்ப் பிரிவில் கேளுங்கள். மதுரைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை, 2022-லிருந்து விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால் 'பழக்கமாயிடும்' என்று பயந்து பாதியில் நிறுத்தாதீர்கள். மாத்திரையைவிட மிகச் சிறிய அளவு மருந்து, போக வேண்டிய இடத்துக்கு நேரே போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நாள்பட்ட இருமல்காரர் ஒருவர் காலையில் தலைவலியோடு எழுந்து, பகலெல்லாம் தூங்கி வழிந்து, சம்பந்தமில்லாமல் பேசினால் 'புத்தி தடுமாறுது' என்று விட்டுவிடாதீர்கள். ரத்தத்தில் கரியமிலவாயு தேங்கியிருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. திடீரென்று வாய் கோணுதல், ஒரு கை கால் விழுதல், பேச்சுக் குழறல் வந்தால் நாலரை மணி நேரத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசிக்கு அதுதான் கெடு. 108-ஐக் கூப்பிடுங்கள்.

அம்மாவையோ அப்பத்தாவையோ டாக்டரிடம் கூட்டிப் போகும்போது இன்னொன்று. சீட்டில் 'புகைப்பழக்கம்: இல்லை' என்று எழுதுவார்கள். அதோடு விடாதீர்கள். "முப்பத்தெட்டு வருஷமா விறகடுப்பு டாக்டர், தினமும் நாலு மணி நேரம்" என்று நீங்களே சொல்லி, அதையும் எழுத வையுங்கள். சாவியை எங்கே வைத்தோம் என்று இப்போதெல்லாம் தேடிக்கொண்டே இருக்கிறார்களா? அதையும் அதே டாக்டரிடம், அதே நாளில் சொல்லுங்கள்.